இனி மருந்து தேவையில்லை

ஜூலை 4

போர்டு வந்தாச்சு. நான் சொன்னது ஒண்ணு, அந்த ஆள் எழுதிக்கிட்டு வந்தது ஒண்ணு. 'டாக்டர்' மட்டும் செக்கச்செவேல்னு பரங்கிக்காய் சைஸுக்கு இருக்கு. 'சுகந்தி ஞானசேகர்' எங்க இருக்குன்னு கண்ணாடி போட்டுக்கிட்டுத் தேடணும். கேட்டா, "ஜனங்க அதைப் பார்த்துத்தான் மேடம் மாடி ஏறுவாங்க"ங்கறான். அம்மாபேட்டை மெயின் ரோட்டுல ஜெராக்ஸ் கடைக்கு மேல ஒரே ஒரு ரூம், அதுக்கு இவ்வளவு பெரிய போர்டு. மாட்டி முடிச்சதும் எதிர்ப்பக்கம் போய் இளநீர் வண்டிகிட்ட நின்னு பார்த்தேன். நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்வானேன்.

வீட்டுக்காரரும் பால் சங்கத்துல இருந்து வர்ற வழியில பார்த்திருக்காரு. "டாக்டரம்மா, முட்டி வலிக்குது, ஊசி போடுவீங்களா?"ன்னு கேட்டுக்கிட்டே செருப்பைக் கழட்டினாரு. நான் சாம்பாரை டொக்குனு வெச்சேன்.

இந்த நோட்டு எதுக்குன்னா, எங்க பல்கலைக்கழகத்துல அடுத்த பட்டம் வேணும்னா அறுபது நாள் நாட்குறிப்பு எழுதி அனுப்பணும். வந்தது யாரு, எத்தனை நிமிஷம், என்ன பலன். 'உள்ளதை உள்ளபடி எழுதவும்'னு பாடப் புத்தகத்துல கொட்டை எழுத்துல போட்டிருக்கு. எழுதிட்டாப் போச்சு.

ஜூலை 6

காலையில ஒருத்தர், பாக்கு போடற பழக்கத்தை விடணுமாம். நாற்பது நிமிஷம். குறட்டை விட்டுத் தூங்கினாரு. "நல்லா இருந்துச்சு டாக்டர்"னு சொல்லிட்டு, மாடிப்படி இறங்கும்போதே பாக்கெட்டைப் பிரிச்சாரு. பலன்: நடுத்தரம்.

மதியம் ஒரு அம்மா, பல்லின்னா பயம். சுவத்துல நிஜமாவே ஒரு பல்லி இருந்துச்சு. கண்ணை மூட வெச்சதால தப்பிச்சேன். பலன்: திருப்தி.

பட்டம் பத்தி எழுதவும்னு ஒரு கட்டம் இருக்கு. மனவசிய சிகிச்சையில முனைவர் பட்டம். பதினொரு மாசம் தபால்ல பாடம், நாலு நாள் பெங்களூர்ல நேர்ப் பயிற்சி, அங்கயே ஓட்டல் ஹால்ல பட்டமளிப்பு. கருப்பு அங்கியும் தொப்பியும் மாட்டிவிட்டாங்க. போட்டோ எடுத்த கையோட, அடுத்த வரிசைக்கு வேணும்னு கழட்டி வாங்கிக்கிட்டாங்க. சர்ட்டிபிகேட்ல ஏதோ ஒரு தீவோட பேர் போட்டிருக்கு. வீட்டுக்காரர் அட்லஸை விரிச்சு வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் தேடினாரு. "எனக்கே தெரியாம கடலுக்குள்ள போயிடுச்சா?"ன்னாரு. அந்த அட்லஸ் பழசுன்னு சொன்னேன்.

முன் அனுபவம்னு இன்னொரு கட்டம். மூளை நரம்பு டாக்டர் ஒருத்தர்கிட்டப் பத்தொன்பது வருஷம்னு எழுதினேன். அங்க என்னவா இருந்தேன்னு கட்டத்துல கேட்கல.

ஜூலை 11

புதுசா ரெண்டு பேர். அம்மா பரிமளா, பொண்ணு இந்துமதி. செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிக் கொலுசுப் பட்டறை வெச்சிருக்கற குடும்பம். பொண்ணுக்கு இருபத்தஞ்சு வயசு, ஸ்கூல்ல கணக்கு டீச்சர். நேத்துதான் நிச்சயம் முடிஞ்சிருக்கு. ஆவணியில கல்யாணம்.

அம்மாதான் பேசினாங்க. "பெருசா ஒண்ணும் இல்லீங்க டாக்டர். எப்பவாவது பயத்துல மயக்கம் போட்டு விழுந்துடுவா. மனசுக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்தாப் போதும்."

"டாக்டர் யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"அதான் உங்ககிட்ட வந்திருக்கமே."

மாத்திரை ஏதாவது சாப்பிடுதான்னு கேட்டேன். சத்து மாத்திரைதான்னு பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தே காட்டினாங்க. பொண்ணு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு. நான் டப்பாவுக்குள்ள பார்த்தேன். நோட்டுல 'பயம்'னு எழுதிக்கிட்டேன்.

முப்பத்தஞ்சு நிமிஷம். எனக்கு வேற எது வருமோ வராதோ, குரல் வரும். பதறிக்கிட்டு வர்ற ஜனங்களைப் பேசியே உட்கார வெக்கிறதுதான் இத்தனை வருஷமா என் பொழப்பு. பொண்ணுக்குத் தோள் தளர்ந்துச்சு, நெத்திச் சுருக்கம் போச்சு. எழுந்து உட்கார்ந்து, "இவ்வளவு நிம்மதியா நான் கண்ணை மூடினதே இல்ல டாக்டர்"னுச்சு. கண்ணு கலங்கியிருந்துச்சு. எனக்கும்தான்.

பலன்: மிக நன்று.

ஜூலை 15

கரண்ட் இல்ல. யாரும் வரல. வீட்டுக்கு வந்து துணி மடிச்சேன்.

ஜூலை 18

இந்துமதி ஸ்கூல் விட்டுத் தனியா வந்துச்சு. கண்ணை மூடச் சொல்றதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் கொட்டிடுச்சு. பதினாலு வயசுல இருந்து வலிப்பு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு மாத்திரை. கடைசியா வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. மாப்பிள்ளை வீட்டுக்கு எதுவும் தெரியாது. மாத்திரையைப் பிரிச்சுச் சத்து மாத்திரை டப்பாவுல போட்டு வெச்சிருக்கறது அம்மாவோட ஏற்பாடு.

நான் அப்பத்தான் தெரிஞ்சுக்கிட்ட மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டேன்.

"தினகரன் நல்லவர் டாக்டர். சொல்லிடலாம்னு எத்தனையோ தடவை போனை எடுத்தேன். அம்மா அவங்க தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாங்க." அப்புறம், "ரெண்டு வருஷமா வரலையே, ஒருவேளை போயிருக்குமா?"ன்னு கேட்டுச்சு.

என்ன சொன்னேன்னு சரியா ஞாபகம் இல்ல. மனசு நினைச்சா உடம்பு கேட்கும்ங்கற மாதிரி ஏதோ சொன்னேன். பாடத்துல இருக்கறதுதான்.

பலன்: நன்று.

ஜூலை 24

பேப்பர்ல போலி டாக்டர் பிடிபட்ட செய்தி. வீட்டுக்காரர் அதைச் சத்தமாத்தான் படிக்கணுமா? பத்தாவது வரைக்கும் படிச்சவராம், கிளினிக் வெச்சு ஊசி போட்டிருக்காராம்.

"நான் யாருக்கு ஊசி போட்டேன்?"னேன்.

"நான் ஒண்ணும் சொல்லலையே. செய்தி படிச்சேன்."

"மனசுக்குள்ள சொன்னீங்க."

"அது உனக்கே கேட்டுடுச்சுன்னா நிஜமாவே நீ பெரிய ஆளுதான்"னு சொல்லிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. என்னிக்காவது ஒரு நாள் அந்த டிபன் பாக்ஸுல மண்ணை அள்ளிப் போட்டு அனுப்பறேன்.

இன்னிக்கு முழுக்க மாடிப்படியில யார் காலடி கேட்டாலும் எழுந்து நின்னேன். ஒரு தடவை தண்ணி கேன்காரன். ஒரு தடவை கீழ்க் கடைக்குப் போறவர் வழி தப்பி ஏறிட்டாரு. பெங்களூருக்குப் போன் பண்ணினேன். பல்கலைக்கழகத்துச் சேர்மனே எடுத்தாரு. "நாம மருந்து கொடுக்கறதில்ல மேடம். நம்மை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. நிம்மதியா பிராக்டீஸ் பண்ணுங்க"ன்னாரு. அப்புறம் மணிக்கட்டுல நாடி பிடிச்சுப் பார்த்தேன், எனக்கே.

ஜூலை 31

பரிமளா தனியா வந்தாங்க. புடவை முந்தானையைச் சுருட்டறாங்க, பிரிக்கறாங்க, மறுபடி சுருட்டறாங்க.

"எவளோ வயித்தெரிச்சல் பிடிச்சவ மாப்பிள்ளை வீட்டுல போட்டுக் கொடுத்துட்டா டாக்டர். காலேஜ்ல விழுந்தா, வாயில நுரை வந்துச்சுன்னு. மாப்பிள்ளையோட அம்மா, டாக்டர் லெட்டர் ஒண்ணு கொடுத்துட்டா எங்களுக்கு ஒண்ணும் இல்லங்கறாங்க. பழைய டாக்டர்கிட்டப் போனோம். அவரு மாட்டேன்னுட்டாரு."

"ஏன்?"

"மாத்திரையைத் தொடரணுமாம். மாப்பிள்ளைகிட்ட உண்மையைச் சொல்லிக் கட்டிக் கொடுங்க, எத்தனையோ பேர் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே பிள்ளைகுட்டியோட நல்லா இருக்காங்கங்கறாரு. அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாரு. வாழப் போறது எம் பொண்ணுல்ல?" அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாங்க. "நீங்களும் டாக்டர்தானேங்க?"

பத்தொன்பது வருஷத்துல ஆயிரக்கணக்கான பேர் என் மேசைகிட்ட வந்து நின்னிருக்காங்க. எல்லாரும் எனக்குப் பின்னால இருந்த கதவைத்தான் பார்த்தாங்க. 'டாக்டர் இருக்காரா?', 'டாக்டர் எப்ப வருவாரு?' என் முகம் எப்படி இருக்கும்னு கேட்டா பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது.

நாளைக்கு வாங்கன்னு சொல்லி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 1

எழுதிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 2

நேத்து ஒரே வரியில முடிச்சுட்டேன். விவரமா எழுதணும்னு விதி.

கீழ்க் கடைக் கம்ப்யூட்டர்ல நானே இங்கிலீஷ்ல அடிச்சேன். நான் வேலை பார்த்த நரம்பு டாக்டர் சொல்லச் சொல்ல அவரோட லெட்டரை எல்லாம் அடிச்ச கை இது, அமைப்பு தண்ணிபட்ட பாடு. பேர், வயசு, எத்தனை தடவை வந்தாங்க, இப்ப எப்படி இருக்காங்க. 'இரண்டு அமர்வுகள். பூரண குணம்'னு போட்டேன். அதுக்குக் கீழ எப்பவும் மருந்து பத்தி ஒரு வரி வரும். 'இதே மருந்தைத் தொடரவும்', இல்லன்னா 'இன்ன மருந்துக்கு மாற்றவும்'. அந்த வரி வந்தப்புறம்தான் அவரு கையெழுத்துப் போடுவாரு. மருந்து பேர் போட எனக்கு அதிகாரம் கிடையாது. அந்த இடத்தை விட்டுட்டா லெட்டர் மொட்டையா நிக்குது. பார்த்த உடனே தெரிஞ்சுடும், இது டாக்டர் எழுதினது இல்லன்னு. அதனால 'இனி மருந்து தேவையில்லை'ன்னு போட்டேன். பரிமளா அதைக் கேட்கவே இல்ல. நானாத்தான் போட்டேன்.

அப்ப லெட்டர் முழுசா ஆச்சு. சீல் வெச்சு நீட்டினேன். பரிமளா ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க.

ஆகஸ்ட் 9

ஆடி மாசம், ஈ ஓட்டறேன். வீட்டுல ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சிருக்கு, பக்கத்துலயேதான் நின்னுக்கிட்டு இருந்தேன். வாஷிங் மெஷின்ல சோப்புத்தூளுக்குப் பதிலா சுண்ணாம்பைப் போடப் போயிட்டேன்.

அந்த லெட்டர் மாப்பிள்ளையோட அம்மா பார்க்கறதுக்கு. பீரோவுல வெச்சுப் பூட்டிடுவாங்க. இந்துமதிக்கு அதுல என்ன வேலை? அது பாட்டுக்கு டப்பாவுல இருக்கறதைச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும். எல்லாம் நான் யோசிச்சுத்தான் செஞ்சேன்.

ஆகஸ்ட் 14

அம்மாவும் பொண்ணும் பத்திரிகை வைக்க வந்தாங்க. தாம்பாளம், பூ, பழம். செப்டம்பர் அஞ்சு முகூர்த்தம். உள்பக்கத்துல 'முன்னிலை'ன்னு போட்டு, ஒரு எம்.எல்.ஏ.வோட சம்பந்திக்கு அடுத்து என் பேர். டாக்டர் சுகந்தி ஞானசேகர், பிஎச்.டி. தங்கக் கலர்ல மின்னுது. தடவிப் பார்த்தேன், எழுத்து கையில தட்டுப்பட்டுச்சு.

பரிமளா கீழ ஆட்டோவைத் திருப்பச் சொல்லப் போனாங்க. இந்துமதி குனிஞ்சு என் காலைத் தொட்டுச்சு. "லெட்டரை முதல்ல படிச்சது நான்தான் டாக்டர். மூணு தடவை படிச்சேன். அன்னிக்கே மாத்திரையை நிறுத்திட்டேன். இன்னியோட பதிமூணு நாள்."

நான் தாம்பாளத்துப் பழத்தை எடுத்து மேசையில வெச்சேன்.

"பதினொரு வருஷமா எத்தனையோ டாக்டர் சீட்டு எழுதியிருக்காங்க. எனக்குச் சரியாயிடுச்சுன்னு எழுதின ஒரே ஆள் நீங்கதான்."

சந்தோஷம்மான்னு சொன்னேன். வேற என்ன சொன்னேன்? சந்தோஷம்மா, நல்லா இரும்மான்னேன். அது படியிறங்கிப் போற சத்தம் நிக்கற வரைக்கும் அதே இடத்துல நின்னேன்.

ஆகஸ்ட் 15

கண்ணாடிக் கடை வெச்சிருந்தவர் ஒருத்தர். பேர் வேண்டாம். நான் வேலை பார்த்த கிளினிக்குக்கு மாசா மாசம் வருவாரு, டோக்கன் வாங்கும்போது எனக்குச் சாக்லேட் கொடுப்பாரு. நல்லாத்தானே இருக்கேன்னு ஒரு மாசம் அவராவே மாத்திரையை நிறுத்திட்டாரு. டோக்கன் பதினாலுக்கும் பதினைஞ்சுக்கும் நடுவுல, காத்திருக்கற ஹால்ல விழுந்தாரு. வழக்கமா ரெண்டு நிமிஷத்துல அடங்கும். அன்னிக்கு அடங்கவே இல்ல. ஆம்புலன்ஸ் வந்து தூக்கிட்டுப் போற வரைக்கும் நான்தான் தலையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். மறுநாள் அவரோட சம்சாரம் வந்து, மிச்சம் இருந்த மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போனாங்க.

"இந்த மாத்திரையைச் சட்டுனு நிறுத்தக் கூடாதுன்னு போன்ல கேட்கறவங்களுக்கும் சொல்லு சுகந்தி"ன்னாரு டாக்டர். சொன்னேன். எத்தனை வருஷம், எத்தனை பேருக்குச் சொன்னேன்.

வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிட்டேன். அவரு கொடியேத்தறதை டிவியில பார்த்துக்கிட்டு இருந்தாரு, அணைச்சாரு. கிண்டல் பண்ணுவாருன்னு நினைச்சேன். பண்ணியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"இப்பவே போய்ச் சொல்லு."

"என்னன்னு?"

"நான் டாக்டர் இல்லன்னு. அதைச் சொன்னாத்தான் அந்த லெட்டர் செல்லாதுன்னு அவங்களுக்குப் புரியும்."

உங்களுக்கு நான் முன்னுக்கு வர்றது பிடிக்கல, முதல் நாள்ல இருந்தே பிடிக்கலன்னு கத்தினேன். அவரு சட்டையை மாட்டிக்கிட்டு வண்டிச் சாவியை எடுத்து நின்னாரு. நான் போய்க் கதவைச் சாத்திப் படுத்துக்கிட்டேன்.

ஆகஸ்ட் 16

போனேன். வீடு நிறைய சொந்தக்காரங்க, சீர்த்தட்டுக்குக் கலர் காகிதம் ஒட்டிக்கிட்டு இருந்தாங்க. டாக்டர் வந்துட்டாங்கன்னு ஒரு நாற்காலி, முறுக்கு, காபி. இந்துமதி பார்லருக்குப் போயிருந்துச்சு. முறுக்கைத் தின்னேன். ஆமாம், தின்னேன்.

கிளம்பும்போது கேட்டுகிட்டப் பரிமளாகிட்ட மெதுவாச் சொன்னேன். "எதுக்கும் அந்த மாத்திரை தொடர்ந்துக்கிட்டு இருக்கட்டும்."

"என்னங்க டாக்டர், நீங்களே வேண்டாம்னு எழுதிட்டு?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"அதெல்லாம் அன்னிக்கே சாக்கடையில கொட்டியாச்சு. கல்யாண வீட்டுல யார் கண்ணுலயாவது பட்டா என்ன ஆகறது?" என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "உங்க கை ராசியான கைங்க. ஒண்ணும் ஆகாது."

எனக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினாங்க. கொடுமையே.

ஆகஸ்ட் 17

மாத்திரையை நானே வாங்கிக் கொடுத்துட்டா ஆச்சுன்னு மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். சீட்டு இல்லாம இதைத் தரக் கூடாதே டாக்டர், நீங்களே ஒரு சீட்டு எழுதிடுங்கன்னு பேனாவை நீட்டினாரு கடைக்காரர். லெட்டர் பேடு பையில இருந்துச்சு. எடுத்தேன்.

மாத்திரை பேர் தெரியும், கலர் தெரியும், எந்தக் கம்பெனி அட்டை எப்படிக் கிழியும்னு தெரியும். பதினாறு நாள் விட்டுப் போனதுக்கு அப்புறம் பழைய அளவையே கொடுக்கறதா, குறைச்சு ஆரம்பிக்கறதா? இந்த மாதிரி நேரத்துல டாக்டர் பேனா மூடியைக் கடிச்சுக்கிட்டு யோசிப்பாரு. என்ன யோசிச்சாருன்னு அவரு எனக்குச் சொன்னதில்ல. யோசிச்சு முடிச்சப்புறம் சொல்றதைத்தான் நான் அடிச்சேன்.

தலைவலித் தைலம் ஒண்ணு வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.

சேர்மனுக்குப் போன் போட்டேன். "பாடப் புத்தகத்துல நாற்பத்திரெண்டாம் பக்கம் அடியில சின்ன எழுத்துல இருக்கு மேடம், மருந்து பத்தி ஆலோசனை சொல்லக் கூடாதுன்னு. சொல்லியிருந்தா அது உங்க சொந்தப் பொறுப்பு"ன்னாரு. அடுத்த தடவை அடிச்சப்ப எடுக்கல.

ஆகஸ்ட் 18

இந்துமதிக்கு நாலு தடவை போன். கிளாஸ்ல இருந்திருக்கு. அப்புறம் அதுவே கூப்பிட்டுச்சு. "நாளான்னிக்கு முகூர்த்தப் புடவை எடுக்கப் போறோம் டாக்டர், அவங்க வீட்டுலயும் வர்றாங்க. நீங்களும் வந்து எடுத்துக் கொடுக்கணும்."

சரிம்மா வர்றேன்னேன். நேர்ல சொல்லிக்கலாம். போன்ல சொல்ற விஷயமா இது?

ஆகஸ்ட் 21

நேத்து எழுத முடியல.

பெரிய கடை, மூணாவது மாடி, பட்டுப் பிரிவு. வெள்ளைத் துணி விரிச்ச மேடையில எல்லாரும் சுத்தி உட்கார்ந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மா கோமதி என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டாங்க. தினகரனை அப்பத்தான் முதல்ல பார்க்கறேன். ஒல்லியா, அமைதியான பையன். எல்லாருக்கும் அவரே தண்ணி கொண்டுவந்து கொடுத்தாரு.

பதினொன்றே காலுக்கு இந்துமதி மயில்கழுத்துக் கலர் புடவையைத் தோள்ல போட்டுக் கண்ணாடியில பார்த்துக்கிட்டு இருந்துச்சு. பார்த்துக்கிட்டே நின்னுடுச்சு. கண்ணு கண்ணாடியில இல்ல. வலது கை விரல் புடவை ஓரத்தை நோண்டுது, நோண்டுது. ஒரு இருபது விநாடி இருக்கும். கோமதி அம்மா சிரிச்சாங்க, "மருமக இப்பவே கனவுக்குப் போயிட்டா." எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் அதுக்கு நினைவு வந்து அதுவும் சேர்ந்து சிரிச்சுச்சு.

அது கனவு இல்லன்னு அந்த மாடியிலயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அந்தப் பார்வையை நான் எத்தனை தடவை பார்த்திருக்கேன். உடனே எழுந்து சொல்லியிருக்கணும். புடவை எடுத்து முடிக்கட்டும்னு உட்கார்ந்திருந்தேன். இதையும் எழுதிட்டேன்.

கால் மணி நேரத்துல விழுந்துச்சு. பில் போடற இடத்துக்குப் பக்கத்துல, ஒரு சத்தம் போட்டுட்டு அப்படியே பின்னால சாஞ்சுது. கூட்டம் மொய்ச்சுக்கிட்டு ஆளாளுக்குச் சாவி சாவின்னு கத்தறாங்க. ஒருத்தர் பூட்டுச் சாவிக்கொத்தைக் கையில திணிக்கறாரு, இன்னொரு அம்மா வாயில ஸ்பூனை விடப் போறாங்க. ரெண்டையும் தட்டிவிட்டேன். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, தலைக்கு அடியில புடவைக்கட்டைச் சொருகி, கழுத்துப் பட்டனைக் கழட்டிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று முப்பத்தொன்று.

"தள்ளி நில்லுங்க, டாக்டர் பார்த்துக்கிட்டு இருக்காங்க"ன்னு பரிமளா எல்லாரையும் விலக்கினாங்க. முப்பத்து மூணு. முப்பத்து நாலு. நிக்கல. தினகரன் ஆம்புலன்ஸுக்குப் போனை எடுத்தாரு. பரிமளா அவர் கையைப் பிடிச்சுத் தடுத்தாங்க. "வேண்டாம் மாப்ள, ஆஸ்பத்திரி எதுக்கு? டாக்டர் இங்கயே இருக்காங்க. இப்பச் சரியாயிடும். சொல்லுங்க டாக்டர்."

முப்பத்தஞ்சு. உதடு நீலமா மாறிக்கிட்டு இருந்துச்சு.

"நான் டாக்டர் இல்ல"ன்னேன்.

பரிமளாவுக்குப் புரியல. "இல்ல, பயப்படாம சொல்லுங்க."

"நான் டாக்டர் இல்லம்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது. டோக்கன் கொடுத்துக்கிட்டு இருந்தவ நான். தம்பி, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. வலிப்பு அஞ்சு நிமிஷம் தாண்டப் போகுது, மாத்திரை நிறுத்தி இருபது நாள் ஆகப் போகுதுன்னு சொல்லுங்க. சீக்கிரம் தம்பி."

தினகரன் பரிமளாவோட கையை உதறிட்டு நம்பரை அழுத்தினாரு.

ஆஸ்பத்திரியில ஊசி போட்டு நிறுத்தினாங்க. மொத்தம் இருபத்தாறு நிமிஷம். டூட்டி டாக்டர், சின்னப் பொண்ணு, வெளியில வந்து மாத்திரையை நிறுத்தச் சொன்னது யாருன்னு கேட்டுச்சு. நான்தான்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, பேரைக் கேட்டு எழுதிக்கிச்சு. பரிமளா பெஞ்சுல இருந்து எழுந்து வந்து என் கன்னத்துல ஒரு அறை விட்டாங்க. வாங்கிக்கிட்டேன்.

ஆகஸ்ட் 22

இன்னும் கண்ணு முழிக்கல.

ஆகஸ்ட் 23

சாயங்காலம் முழிச்சுடுச்சாம். அம்மா பேர், தன் பேர், ஸ்கூல் பேர் எல்லாம் சொல்லுதாம். வீட்டுக்காரர்தான் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு விசாரிச்சுக்கிட்டு வந்தாரு. எனக்கு அங்க போக முகம் இல்ல. சொல்லிட்டு அவரும் அழுதாரு, நானும் அழுதேன்.

ஆகஸ்ட் 25

போர்டைக் கழட்டச் சொல்லிட்டேன். ரூமைக் காலி பண்ணியாகணும். சேர்மன்கிட்ட இருந்து மெசேஜ், நாட்குறிப்பு அனுப்பக் கடைசித் தேதி நெருங்குதாம்.

செப்டம்பர் 6

நேத்து முகூர்த்த நாள். கல்யாணம் நடக்கல. இன்னிக்குக் காலையில ரூம்ல சாமான் கட்டிக்கிட்டு இருந்தப்ப தினகரன் வந்தாரு. நாற்காலி எல்லாம் கீழ போயாச்சு. ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே பேசினோம்.

"இந்து வீட்டுக்கு வந்துடுச்சு"ன்னாரு. "கல்யாணத்தைத் தையில வெச்சிருக்கோம். எங்கம்மா இன்னும் சமாதானம் ஆகல, ஆவாங்க. மறைச்சது மட்டும்தான் எனக்குக் கஷ்டம். வலிப்பு ஒண்ணும் கஷ்டம் இல்ல."

எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடணும் போல இருந்துச்சு.

"ஒண்ணு கேட்கணும். மறுபடி வந்தா நான் என்ன செய்யணும்?"

"டாக்டர்கிட்டக் கேளுங்க தம்பி. என்கிட்ட வேண்டாம்."

"பரவால்ல, நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், வாயில எதையும் வைக்கக் கூடாது, இரும்பு எல்லாம் தேவையில்ல, கையைக் காலை அழுத்திப் பிடிக்கக் கூடாது, மணி பார்க்கணும், அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆஸ்பத்திரி. எது நடந்தாலும் மாத்திரையை ஒரு வேளை கூட விடக் கூடாது, டாக்டர் சொல்லாம யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது. டெலிபோன்ல சொல்லிச் சொல்லிப் பழகினது, தங்குதடை இல்லாம வந்துச்சு.

அவரு பொறுமையாக் கேட்டுக்கிட்டாரு. "டாக்டர்கிட்டக் கேட்டுட்டுத்தான் வந்தேன்"னாரு. "அவங்க சொன்னதையே ஒரு வார்த்தை மாறாம சொல்றீங்க. அன்னிக்குக் கடையில எல்லாரும் சாவி தேடினப்ப, நீங்க மட்டும் கடிகாரத்தைப் பார்த்தீங்க. அதுல இருந்து எனக்கு இதே யோசனைதான். விவரம் தெரியாம எழுதிட்டாங்க போலன்னு மனசைத் தேத்திக்கலாம்னு பார்த்தேன்."

நான் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

"உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கே மேடம்."

அவ்வளவுதான் சொன்னாரு. கோபமாக் கூடச் சொல்லல. செருப்பை மாட்டிக்கிட்டு இறங்கிப் போயிட்டாரு. வாய் வரைக்கும் வந்த பதிலை அவர்கிட்டச் சொல்ல முடியல, இங்க எழுதறேன். தெரியும். அந்த டப்பாவைத் திறந்து காட்டின அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதினேன்.